விண்ணாட்சி ஆட்டங்களும் புறத்திணை மரபும்: ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ கணினி விளையாட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

விண்மீன் மண்டலங்களில் பேரரசுகளைக் கட்டியெழுப்புவதாக அமைந்த கணினி விளையாட்டுகள் கடந்த முப்பது ஆண்டுகளாக ஒரு தனி வகையாக வளர்ந்துள்ளன. முறை மாற்றி ஆடப்படும் இவ்விளையாட்டுகளுக்கு 1993-இல் வெளிவந்த ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ இலக்கணமாகக் கருதப்படுகிறது. இக்கட்டுரை அவ்விளையாட்டின் அமைப்பைத் தமிழாய்வாளர்க்கு விளக்கி, அதன் நால்வகைச் செயல்களைப் புறத்திணைப் பாகுபாட்டோடு ஒப்புநோக்குகிறது. சேலம், நாமக்கல், தருமபுரிப் பகுதிகளைக் களமாகக் கொண்ட தகடூர்ப் போர் குறித்த சங்கச் சான்றுகள் ஒப்பீட்டிற்குத் துணையாகக் கொள்ளப்படுகின்றன. இவ்விளையாட்டின் செயல்களில் பெரும்பாலானவற்றைப் புறத்திணைக் கலைச்சொற்களால் விளக்க இயலும் என்பதும், தொல்காப்பியர் கூறும் காஞ்சிக்கும் தோற்றவர்க்கான கையறுநிலைக்கும் அவ்விளையாட்டில் இடமில்லை என்பதும் இக்கட்டுரையின் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: முறைமாற்று ஆட்டம், உத்தி, புறத்திணை, காஞ்சி, தகடூர், ஆடுபுலி.

1. முன்னுரை

விளையாட்டைக் குறித்த ஆய்வு தமிழுக்குப் புதிதன்று. நாட்டுப்புறவியலாளர் பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி முதலியவற்றைத் தொகுத்து விளக்கியுள்ளனர். கணினி விளையாட்டுகளோ பெரும்பாலும் இளைஞர்தம் பொழுதுபோக்கு என்ற அளவிலேயே நோக்கப்படுகின்றன. ஓர் அரசை நிறுவுதல், பொருள் ஈட்டுதல், தூது விடுத்தல், ஒற்றாடல், முற்றுகையிடுதல் ஆகிய செயல்களையே உள்ளடக்கமாகக் கொண்ட விளையாட்டொன்று, அச்செயல்களுக்கெனத் தனித்தனித் திணையும் துறையும் வகுத்த ஒரு மொழியின் ஆய்வாளர்க்கு அயலானதாக இருக்க இயலாது. இன்று அவ்விளையாட்டைத் தமிழில் விளக்க முற்படுவோர் ஆங்கிலச் சொற்களை ஒலிபெயர்த்தே பேச வேண்டியுள்ளது. இது சொல்வளம் இன்மையால் நேர்ந்ததா, இருக்கும் சொல்வளத்தை நாடாமையால் நேர்ந்ததா என்பது ஆராயத்தக்கது.

2. நாற்செயல் ஆட்டத்தின் தோற்றம்

சிட் மேயர் வடிவமைத்த ‘சிவிலைசேஷன்’ என்னும் விளையாட்டு 1991-இல் வெளிவந்தது. புவியில் ஒரு குடியிருப்பில் தொடங்கிப் பேரரசாக வளர்வது அதன் அமைப்பு. அவ்வமைப்பை விண்வெளிக்குக் கொண்டுசென்ற படைப்புகளுள் முதன்மையானது, ஸ்டீவ் பார்சியா வடிவமைத்து, சிம்டெக்ஸ் நிறுவனம் உருவாக்கி, மைக்ரோபுரோஸ் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’. அதே ஆண்டில் ‘கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்டு’ இதழில் அதனை அறிமுகப்படுத்திய ஆலன் எம்ரிச், அதன் செயல்களை நான்காகப் பகுத்தார். தேடல், பரவல், பயன்கொள்ளல், அழித்தல் என அவற்றைத் தமிழில் கூறலாம். ஆங்கிலத்தில் இந்நான்கு சொற்களும் ‘எக்ஸ்’ என்னும் ஒலியோடு தொடங்குவதால் ‘ஃபோர் எக்ஸ்’ என்ற பெயர் இவ்வகை விளையாட்டுகள் அனைத்துக்கும் நிலைத்துவிட்டது. இக்கட்டுரையில் அவை ‘நாற்செயல் ஆட்டங்கள்’ எனப்படும்.

இவ்விளையாட்டின் இரண்டாம் பாகம் 1996-இலும் மூன்றாம் பாகம் 2003-இலும் வெளிவந்தன. 2016-இல் மறுஆக்கம் ஒன்றும் வெளியிடப்பட்டது. ஸ்டார்டாக் நிறுவனத்தின் ‘கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ்’ வரிசையும், ஆம்ப்ளிட்யூட் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ‘எண்ட்லெஸ் ஸ்பேஸ்’ விளையாட்டும் இம்மரபில் வந்தவை.

ஓரியன் என்பது தமிழர் ஆதிரை என வழங்கும் மீனை உள்ளடக்கிய விண்மீன் கூட்டத்தின் மேலைப் பெயர். விளையாட்டினுள் அது, மறைந்துபோன ஒரு தொல்லினத்தின் உறைவிடமாகவும், காவற்கலம் ஒன்றால் காக்கப்படும் வளமிக்க உலகாகவும் புனையப்பட்டுள்ளது.

3. விளையாட்டின் அமைப்பு

ஆடுவோர் பத்து இனங்களுள் ஒன்றைத் தேர்ந்து, ஒரு தாயுலகு, ஒரு குடியேற்றக் கலம், இரண்டு வேவுக் கலங்கள் ஆகியவற்றோடு தொடங்குவர். ஒவ்வொரு முறையும் ஓராண்டைக் குறிக்கும். ஒருவர் தம் ஆணைகளை எல்லாம் முடித்து முறையை ஒப்படைத்த பின்னரே காலம் நகரும். ஆகவே இதில் கையின் விரைவுக்கு வேலை இல்லை. எண்ணித் துணிவதே ஆட்டம்.

ஒவ்வோர் உலகின் விளைவும் கலம் கட்டுதல், அரண் செய்தல், தொழிற்கூடம் பெருக்குதல், சூழல் பேணுதல், ஆராய்ச்சி ஆகிய ஐந்துக்கும் பங்கிடப்படும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். தொழிற்கூடங்களின் கழிவை நீக்காமல் விட்டால் அவ்வுலகு தாங்கக்கூடிய மக்கள்தொகை சுருங்கும். ஆராய்ச்சி ஆறு துறைகளாக அமையும். எந்த ஓர் இனத்துக்கும் எல்லாக் கண்டுபிடிப்பும் கிட்டுவதில்லை. கிட்டாதவற்றைப் பண்டமாற்றாலோ ஒற்றராலோ போராலோதான் பெற வேண்டும். தூதுக்கும் ஒற்றாடலுக்கும் ஆட்டத்தில் இன்றியமையாத இடம் உண்டானது இதனால்தான்.

பத்து இனங்களும் ஒத்த வலிமை உடையன அல்ல. சைலான் இனம் ஆராய்ச்சியிலும், கிளாக்கான் இனம் உழைப்பிலும், டார்லாக் இனம் ஒற்றாடலிலும், மனிதர் வாணிகத்திலும் தூதிலும் சிறப்புடையோர். எந்தக் கடுநிலத்திலும் வாழவல்ல சிலிகாய்டு இனம் மிக மெதுவாகவே பெருகும்.

வெற்றி இருவழியில் அமையும். மாற்றரசுகள் அனைத்தையும் ஒழித்தல் ஒன்று. மற்றொன்று, 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் பேரவையில் மூன்றில் இரு பங்கு வாக்குகளைப் பெற்றுத் தலைமை ஏற்றல். வாக்குகளின் அளவை மக்கள்தொகை உறுதிசெய்யும். அவையின் முடிவை ஏற்க மறுப்பவர் ஏனையோர் அனைவரையும் எதிர்த்துப் போரிட வேண்டும்.

4. பலகை ஆட்டங்களின் பின்புலம்

தமிழ்நாட்டின் பலகை ஆட்டங்களை அறிந்தோர்க்கு இவ்வமைப்பின் கூறுகள் முற்றிலும் புதியன ஆகா. ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் 23 புள்ளிகள் கொண்ட கட்டத்தில் மோதுகின்றன. இரு தரப்பும் எண்ணிக்கையாலும் இயல்பாலும் இலக்காலும் வேறுபட்டவை. புலி தாவி வெட்டுவதால் வெல்லும். ஆடு வழியடைப்பதால் வெல்லும். ஒத்த படைகள் மோதும் சதுரங்கத்தினின்று இவ்வாட்டம் வேறுபடும் இடம் இது. ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ ஆட்டத்தில் இனங்கள் வேறுபட்ட வலிமையோடு மோதுவதும் இத்தகைய ஒவ்வாச் சமநிலையே ஆகும்.

பல்லாங்குழி 14 குழிகளில் காய்களைப் பங்கிட்டு, இழந்து, மீட்டு ஆடுவது. அதன் அடிப்படை போரன்று, பொருட்பங்கீடு. தாயம் உருட்டும் எண்ணை நம்பி நடப்பது. உத்தி, பங்கீடு, வாய்ப்பு என மூன்று ஆட்டங்களில் தனித்தனியே நின்ற கூறுகளை நாற்செயல் ஆட்டம் ஒன்றாக இணைக்கிறது. இதனால் மேலைக் கணினி ஆட்டம் தமிழ் ஆட்டங்களிலிருந்து தோன்றியது என்று கொள்ளுதல் பிழை. விளக்கத்துக்கு உரிய ஒப்புமை இங்கே உள்ளது என்பதே கருத்து. ‘முறை’ என்னும் சொல்லும் அத்தகையதே. “இப்போது உன் முறை” என்று தெருவில் வழங்கும் சொல்லே ‘முறைமாற்று ஆட்டம்’ என்னும் கலைச்சொல்லாக அமையத் தக்கது.

5. நாற்செயலும் புறத்திணையும்

5.1 தேடல்: விளையாட்டின் தொடக்கத்தில் விண்வரைபடத்தின் பெரும்பகுதி அறியப்படாததாகவே இருக்கும். வேவுக் கலங்கள் சென்றுகண்ட மீன்களின் இயல்பு மட்டுமே புலப்படும். தொல்காப்பியர் வெட்சித்திணையின் துறைகளுள் ஒற்றர் அறிந்துவரும் செய்தியை ‘வேய்’ எனச் சுட்டுகிறார். போர் வேயிலிருந்தே தொடங்குகிறது. வேவுக் கலத்தை ‘வேய்க்கலம்’ எனவும், அறியப்படாத பரப்பை ‘காணாப்பரப்பு’ எனவும் வழங்கலாம்.

5.2 பரவல்: மண்ணாசை காரணமாக மேற்செல்லுதல் வஞ்சித்திணை. ஆட்டத்தின் முற்பகுதியில் நிகழும் பரவல் பெரும்பாலும் ஆளற்ற உலகுகளின்மேல் நிகழ்வது. பகைவர் இல்லாத அதனை வஞ்சியாகக் கொள்ள இயலாது. கரிகாலன் காட்டை நாடாக மாற்றிக் குளங்கள் அமைத்ததைப் பட்டினப்பாலை போற்றுவது இதற்கு நெருக்கமான சான்று. இரண்டு அரசுகளின் எல்லைகள் தொட்டுக்கொள்ளும் நிலையில்தான் ஆட்டம் வஞ்சியாக மாறுகிறது.

5.3 பயன்கொள்ளல்: இதற்கு நேரான போர்த்திணை இல்லை. ஆயின் அரசன் பொருள்கொள்ளும் முறையைப் பேசும் பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. நீர்நிலை பெருக்க வேண்டும் எனப் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் கூறுவதும் (புறம். 18), அளவறிந்து வரி கொள்ளாவிடில் விளைநிலத்துள் யானை தானே புகுந்தாற்போல நாடு கெடும் என அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் உணர்த்துவதும் (புறம். 184) அவற்றுள் சில. கழிவை நீக்காத உலகு சுருங்கும் என்னும் விளையாட்டு விதி, பிசிராந்தையார் உவமையின் கணக்கியல் வடிவம் எனலாம்.

5.4 அழித்தல்: முற்றுகை உழிஞையாகவும், நேர்நின்று பொருதல் தும்பையாகவும் அமையும். விளையாட்டில் உலகுகளைச் சூழ்ந்த காப்புத்திரையும் ஏவுகணைத் தளங்களும் மதிலின் இடத்தைப் பெறுகின்றன. தொல்காப்பியர் உழிஞையுள் அடக்கிய மதில்காத்தலைப் புறப்பொருள் வெண்பாமாலை நொச்சி எனத் தனித்திணையாக்கியது. தாக்குவோர்க்கும் காப்போர்க்கும் வெவ்வேறு ஆணைகளும் கருவிகளும் அமைந்த இவ்விளையாட்டை விளக்கப் பிற்கால நூலின் பகுப்பே கூடுதலாகப் பொருந்துகிறது.

வாகை பற்றியும் ஒன்று கூறவேண்டும். தொல்காப்பியர் வாகையைப் போர்வெற்றியோடு நிறுத்தவில்லை. அந்தணர், அரசர், அறிவர், தாபதர் முதலியோர் தத்தம் துறையில் மேம்படுதலும் வாகையே. ‘சிவிலைசேஷன்’ ஆட்டத்தில் முதலில் விண்கலம் அனுப்புவோர் வெல்வதும், ‘கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ்’ வரிசையில் பண்பாட்டுச் செல்வாக்காலும் நட்புறவாலும் ஆராய்ச்சியாலும் வெல்ல இயல்வதும் தொல்காப்பியர் கூறும் விரிந்த வாகைக்குள் அடங்குவன.

6. களச்சான்று: தகடூர்ப் போர்

சங்ககாலப் போர்களுள் பல அரசுகளின் கூட்டும் பகையும் தெளிவாகத் தெரிவது தகடூர்ப் போர். இன்றைய சேலம் மாநகரின் கிழக்கே நெசவுக்குப் பேர்பெற்ற அம்மாபேட்டையை நடுவாகக் கொண்டு நோக்கினால் அதன் களம் புலப்படும். வடக்கே அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூர், இன்றைய தருமபுரி. தென்கிழக்கே வல்வில் ஓரியின் கொல்லிமலை. கிழக்கே மலையமான் திருமுடிக்காரியின் கோவலூர். தெற்கே, இரும்பொறை மரபினரைக் குறிக்கும் புகழூர்க் கல்வெட்டு அமைந்த கருவூர்ப் பகுதி. நான்கு ஆற்றல்களுக்கு இடைப்பட்ட வெளியாக இச்சமவெளி விளங்கியது.

அதியமான் கோவலூரை வென்றதைப் புறம். 99 குறிக்கிறது. கோவலூர் வட்டாரத்தில் உள்ள ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சதியபுதோ எனும் பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தாங்கியிருப்பது இதனோடு வைத்து எண்ணத்தக்கது. காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்ததை அகம். 209 கூறும். தகடூரைப் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்த செய்தி பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தால் விளங்கும். அதியமானின் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் சென்றதும் (புறம். 95) இக்காலச் சூழலைச் சார்ந்தது.

இடம்பெற்ற செயல்களை மட்டும் நோக்கினால் இது ஒரு நாற்செயல் ஆட்டத்தின் பதிவு போன்றே உள்ளது. வலியோன் ஒருவன் அண்டை அரசின் ஊரைக் கொள்கிறான். மூன்றாம் அரசு வேறொரு பேராற்றலுக்கு நிலம் ஈந்து உறவு கொள்கிறது. தூது ஒரு போரை விலக்க முயல்கிறது. இறுதியில் ஓர் அரண் வீழ்கிறது. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் எனத் திருக்குறள் 48 முதல் 50 வரையுள்ள அதிகாரங்களில் அடுத்தடுத்து வைத்த மூன்றும் இரு களங்களுக்கும் ஒருசேரப் பொருந்துகின்றன.

7. ஒப்புமை முறியும் இடங்கள்

முதலாவது, அமைச்சு. படை, குடி, கூழ், அமைச்சு, நட்பு, அரண் எனத் திருக்குறள் தொகுக்கும் அரச உறுப்புகளுள் ஐந்துக்கு விளையாட்டில் நேரான கூறுகள் உண்டு. அமைச்சுக்கு மட்டும் இல்லை. ஆடுவோரே அரசர், அவரைத் தடுத்துரைக்கும் குரல் ஆட்டத்தினுள் இல்லை. சங்கப் புலவர் அந்தப் பணியைச் செய்தனர். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது, எவர் தோற்பினும் தோற்பது சோழர்குடியே எனக் கோவூர்கிழார் உணர்த்தினார் (புறம். 45). மலையமான் மக்களை யானைக்கால் இட முற்பட்ட கிள்ளிவளவனையும் அவரே தடுத்தார் (புறம். 46). தகடூர் எறிந்த சேரன் தன் அரசுகட்டிலையே அளிக்க, அரிசில்கிழார் அதனை மறுத்து அமைச்சு ஏற்றார் என்று எட்டாம் பத்தின் பதிகம் கூறும்.

இரண்டாவது, அறவரம்பு. போருக்கு முன் பசு, பார்ப்பனர், பெண்டிர், பிணியுடையோர், புதல்வரைப் பெறாதோர் ஆகியோர்க்கு அறிவித்து ஒதுங்கச் செய்யும் நெறியைப் புறம். 9 காட்டுகிறது. விளையாட்டிலும் வரம்பு முற்றும் இல்லாமல் இல்லை. உடன்படிக்கையை முறித்தாலும், உயிர்க்கொல்லி நுண்மங்களை ஏவினாலும் பிற இனங்களின் பகை வளரும். ஆயின் அது பயன்நோக்கிய வரம்பு. மீறுதலால் வரும் இழப்பைக் கணக்கிட்டு மீறலாம். இங்குச் சங்க மரபை உயர்த்தியும் பிறிதைத் தாழ்த்தியும் உரைத்தல் தகாது. பகைவர் ஊரை எரித்தலையும் விளைவயலைக் கொள்ளையிடுதலையும் போற்றும் பாடல்கள் புறநானூற்றிலும் பதிற்றுப்பத்திலும் குறைவற உள்ளன. கழுதை பூட்டிப் பகைவர் நிலத்தை உழுதல் பெருமையாகவே பாடப்பட்டது. செயலின் கொடுமையில் இரண்டும் நெருங்கியே நிற்கின்றன.

மூன்றாவது, காஞ்சி. அடிப்படையான வேறுபாடு இங்கே உள்ளது. புறப்பொருள் வெண்பாமாலையில் காஞ்சி என்பது வஞ்சியாரை எதிர்த்துக் காத்தல். விளையாட்டில் அதற்கு இடமுண்டு. தொல்காப்பியர் கூறும் காஞ்சியோ நில்லா உலகின் இயல்பை உணர்தல். வீழ்ந்தோனை எண்ணிப் புலம்புதலும் அதனுள் அடங்கும். விளையாட்டில் ஓர் இனத்தின் கடைசி உலகு வீழ்ந்தவுடன் அதன் பெயர் ஆட்டத்தினின்று நீங்கும். அடுத்த முறை தொடரும். வீழ்ந்தோர்க்காக நின்று பேசும் குரல் எதுவும் இல்லை.

தகடூர்ச் சான்றில் அக்குரல் உண்டு. எட்டாம் பத்தில் தகடூரை வென்ற சேரனைப் பாடிய அரிசில்கிழாரே, அத்தகடூரில் பொருது வீழ்ந்த எழினியை எண்ணிக் கையறுநிலை பாடினார் (புறம். 230). வென்றவனிடம் பரிசும் அமைச்சும் பெற்ற ஒருவர் தோற்றவனுக்காக இரங்கியதையும் தொகுப்பாசிரியர் நீக்காது வைத்தனர். தகடூரின் வீழ்ச்சியைச் சேரனின் வெற்றியாக மட்டுமன்றி ஒரு நாட்டின் இழப்பாகவும் இன்று நாம் அறிவது அதனால்தான். வென்றோர் ஆவணம் மட்டும் எஞ்சியிருப்பின் இவ்வட்டாரத்தின் தொல்வரலாறு ஒரு நாற்செயல் ஆட்டத்தின் முடிவுப் பட்டியலாகவே நின்றிருக்கும்.

இக்குறை கணினி என்னும் ஊடகத்தின் இயல்பால் நேர்ந்ததன்று. வீழ்ந்த உலகின் மக்கள்தொகையை நினைவில் வைக்கும் நிரல், அம்மக்களைப் பற்றிய ஒரு செய்தியையும் வைத்திருக்க இயலும். வகையின் பெயரிலேயே நான்காம் செயலாக அழித்தல் நிற்பதும், அதற்குப் பின் ஐந்தாம் செயல் ஒன்று பெயரிடப்படாததும் வடிவமைப்பாளர்தம் தேர்வுகள். தமிழில் இத்தகைய ஆட்டம் ஒன்றை வடிவமைப்போர் அத்தேர்வை மாற்றியமைக்கலாம். அதற்கான இலக்கணம் புறத்திணையியலில் முன்னரே உள்ளது.

8. முடிவுகள்

1. நாற்செயல் ஆட்டங்களின் தேடல், பரவல், அழித்தல் ஆகியவற்றை வெட்சி, வஞ்சி, உழிஞை, நொச்சி, தும்பை ஆகிய திணைகளின் துணையோடு விளக்க இயலும். பயன்கொள்ளல் என்னும் செயலுக்குப் புறநானூற்றின் அறிவுரைப் பாடல்களும் திருக்குறளின் பொருட்பாலும் துணையாகின்றன.

2. முறைமாற்று ஆட்டம், நாற்செயல் ஆட்டம், வேய்க்கலம், காணாப்பரப்பு, ஒவ்வாச் சமநிலை ஆகியன இத்துறைக்கு உரிய கலைச்சொற்களாகப் பரிந்துரைக்கப்படுகின்றன.

3. விளையாட்டின் பல்வகை வெற்றிகளைத் தொல்காப்பியர் கூறும் வாகையும், தாக்குதல் காத்தல் என்னும் பிரிவைப் புறப்பொருள் வெண்பாமாலையின் பகுப்பும் நன்கு விளக்குகின்றன. ஒரே கலைச்சொல் இரு நூல்களிலும் பொருள் வேறுபடுவதால், ஒப்பிடுவோர் எந்நூலின் வழி நின்று ஒப்பிடுகின்றனர் என்பதைச் சுட்டுதல் இன்றியமையாதது.

4. தடுத்துரைக்கும் அமைச்சும், தோற்றோர்க்கு இரங்கும் காஞ்சியும் இவ்விளையாட்டில் இல்லை. பேரரசு ஒன்றின் வளர்ச்சியை எவ்வடிவில் சொல்லினும், அதனால் வீழ்ந்தோரைச் சொல்லும் துறை ஒன்று வேண்டும் என்பதைத் தகடூர் குறித்த பாடல்கள் உணர்த்துகின்றன.